எழுதாமல் விட்ட பெயர்

எய்யா,

போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உறையை ஒட்டாமல் எதிர்வீட்டு எஸ்தர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவள் குணம் உனக்குத் தெரியும், தூத்துக்குடியில் பஸ் மாறுவதற்குள் முழுவதையும் படித்து முடித்திருப்பாள். படிக்கட்டும். பதினைந்து வருஷத்துக்கு மேலாக ஒளித்து வைத்ததே போதும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

வைகாசியில் உனக்குக் கல்யாணம். போன ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரை ஊரிலிருந்து பெண் வீட்டார் வேன் வைத்து வந்து, நம் வீட்டைப் பார்த்து, காபி குடித்து, மனசு நிறைந்து போனார்கள். அவர்களை அனுப்பிவிட்டு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது நீ ஏதோ பாட்டை முணுமுணுத்தாய். உன்னை அப்படிப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். கனியைப் பற்றித்தான்.

கனி யாரென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, வழியில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். உப்பளத்தில் உப்பு வாரிப் பிழைத்த பேச்சியக்காவின் மூத்த மகள் அவள். பிறக்கும்போதே ஏதோ கோளாறு. கால் இரண்டும் விறைத்துப்போய், பேச்சும் நாலு வார்த்தைக்கு மேல் வராது. உட்கார்ந்தபடியே தரையில் நகர்ந்துதான் போவாள். புத்தி மந்தம் என்று சொன்னவர்கள் அவளோடு பழகாதவர்கள். யார் எந்தக் கிழமை வந்தார்கள், என்ன சேலை கட்டியிருந்தார்கள் என்பதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்கும். போன வருஷம் பேச்சியக்கா செத்த நாளிலிருந்து நம் வீட்டில்தான் இருக்கிறாள். நீ லீவில் வரும்போதெல்லாம் மீனில் முள் எடுத்து அவளுக்கு ஊட்டியிருக்கிறாய். அவளுக்கு நீ தம்பி, உனக்கு அவள் கனிக்கா. அதெல்லாம் நடிப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். நீ நல்லவன்தான். நல்லவர்கள் செய்கிற தப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன், அதை முதலில் செய்தவள் நான் என்பதால்.

அப்போது உனக்குப் பத்து வயது இருக்கும். அப்பா போன பிறகு நான் ரவிக்கை தைத்து உன்னைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தேன். மகளிர் குழுவில் பத்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் எந்த நோட்டும் கடைசியில் என் மடிக்கே வரும். அந்தச் சமயத்தில்தான் வறுமை ஒழிப்புத் திட்டம் ஊருக்கு வந்தது. அதற்கு முன்பெல்லாம் ஏழை யார் என்று ஆபீசில் உட்கார்ந்து எழுதுவார்கள். இந்தத் திட்டத்தில் ஊரே கூடி, யார் வீட்டில் அடுப்பு எரிகிறது, யார் வீட்டில் எரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மக்கள் நிலை ஆய்வு என்று பெயர். அம்மன் கோவில் மைதானத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, கோலப்பொடியால் ஊரைத் தரையில் வரைவோம். தெரு, கிணறு, மாதா கோவில், உப்பளத்துக்குப் போகிற பாதை, வீட்டுக்கு ஒரு கட்டம். மிகவும் ஏழையான வீட்டுக்குச் சிவப்புப் பொடி, வசதியான வீட்டுக்குப் பச்சை. ஊனமுற்றவர் இருக்கிற வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. மாற்றுத்திறனாளி என்ற வார்த்தை அப்போது எங்கள் வாயில் ஏறவில்லை. அந்தக் கொட்டைகளைப் பார்த்துத்தான் அடையாள அட்டை, உதவித்தொகை, பயிற்சி மையத்துக்குக் கூட்டிப்போகிற வேன் எல்லாமே.

முந்தின நாள் மத்தியானம் பேச்சியக்கா அளத்திலிருந்து நேராக வந்தாள். உப்புத் தண்ணீர் அரித்த காலோடு வாசலிலேயே நின்றாள். "ஏளா, நாளைக்கு எழுதும்போது கனியை எழுதிராத. வள்ளிக்கு சாகுபுரத்துப் பக்கமிருந்து பேசுதாவ. மூத்தவ இப்படிக் கெடக்கான்னு தெரிஞ்சா, ரத்தத்துலயே இருக்குன்னு சொல்லிப் போயிருவாவ. கல்யாணம் முடியுற வரைக்குந்தான். பொறவு நானே வந்து எழுதச் சொல்லுதேன்" என்றாள். வள்ளி இளையவள், கிளி மாதிரி இருப்பாள். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "சரிக்கா" என்றேன். எங்கள் தெருவில் எவளாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். நாங்கள் சொல்லப்போனது ஒன்றே ஒன்றுதானே.

மறுநாள் தூத்துக்குடியிலிருந்து வந்த திட்டத்து மேடம் ஒரு குச்சியால் பேச்சியக்கா வீட்டுக் கட்டத்தைத் தொட்டு, "இங்க எத்தனை பேர்?" என்று கேட்டார். கனியைத் தூக்கி இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டினவர்கள் முழுப்பேரும் அங்கே இருந்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அன்றைக்கு எங்கள் ஊர் தன் வாயைத் தானாகவே மூடிக்கொண்டது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஒரு கண்ஜாடைகூட இல்லை. பலசரக்குக் கடை அண்ணாச்சிதான் கடைசியில் சொன்னார், "ரெண்டு பேரு மேடம். ஆத்தாளும் மகளும்." நான் இரண்டு என்று எழுதினேன். சிவப்புப் பொடி மட்டும் தூவிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனோம். சாயங்காலம் கிளம்பும்போது மேடம், "மத்த ஊர்ல அடிச்சுக்குவாங்க. இவ்வளவு ஒத்துமையா உண்மையைச் சொல்ற ஊரை நான் பார்த்ததே இல்லை" என்றார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். கெட்ட சிரிப்பு இல்லை அது. ஒரு பெண்பிள்ளைக்கு வாழ்க்கை அமையப்போகிறதே என்ற சிரிப்பு.

பிறகு கிராம சபையில் அந்தப் பட்டியலை மைக்கில் வாசித்தேன். யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று மூன்று தடவை கேட்டார்கள். கைத்தட்டல்தான் வந்தது, நானும் தட்டினேன். ஆவணியில் வள்ளி கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அத்தோடு எழுதியிருக்க வேண்டும். பேச்சியக்காவும் ஒரு தடவை வந்து கேட்டாள், "இப்ப எழுதலாமாளா?" என்று. அதற்குள் வள்ளி குளிக்காமல் இருந்தாள். பிள்ளை பிறக்கட்டும் என்றேன். பிள்ளை பிறந்தது, அப்புறம் அவள் நாத்தனாருக்கு வரன் பார்த்தார்கள். இப்படித் தள்ளித் தள்ளியே போயிற்று. ஆனால் உன்னிடம் மறைக்காமல் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டியலுக்காக நம் ஊருக்கு நல்ல பெயர் கிடைத்தது, என்னை ஊர் வறுமை ஒழிப்புச் சங்கத் தலைவி ஆக்கினார்கள், மாவட்ட விழாவில் மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். அந்தப் போட்டோவை நீ ஃபிரேம் போட்டு நம் வீட்டுச் சுவரில் மாட்டினாயே, அதுதான். எங்கள் பட்டியல் பொய் என்று நானே போய்ச் சொன்னால் அந்தச் சால்வை என்னாகும்? முதல் கொஞ்ச மாதம் வள்ளிக்காக எழுதாமல் விட்டேன். மற்ற வருஷமெல்லாம் எனக்காகத்தான் விட்டேன்.

காலையில் பயிற்சி மையத்து வேன் வரும். நம் ஊரிலிருந்து இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். அதன் ஹாரன் சத்தம் கேட்டதும் கனி ஜன்னலடிக்கு நகர்ந்து போய், கம்பியைப் பிடித்து எழும்பி, வேன் திரும்புகிற வரை பார்த்துக்கொண்டிருப்பாள் என்று பேச்சியக்கா சொல்லுவாள். மாற்றுத்திறனாளி முகாம் நடக்கும்போதெல்லாம் வீடு வீடாகப் போய்த் தகவல் சொல்வது என் வேலை. அந்த வீட்டு வாசல் வந்தால் மட்டும் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடையை எட்டிப் போடுவேன். வெளியாட்கள் யாராவது தெருவுக்குள் வந்தால் உள்ளே போய்ச் சத்தம் காட்டாமல் இருக்க வேண்டும் என்று அவளுக்குப் பழக்கியிருந்தார்கள். நான் அதையும் பார்த்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று யார் சொன்னது? ஊர் மொத்தமும் சேர்ந்து சோறு போட்டால் மறைக்கலாம்.

பேச்சியக்கா செத்த அன்று வள்ளியின் மாமியார் வீட்டார் எல்லாரும் வந்திருந்தார்கள். அதனால் கனியை நம் வீட்டில் கொண்டுவந்து வைத்தோம். பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை அவளுக்குக் காட்டவில்லை. கொட்டுச் சத்தம் தெருவில் போகும்போது அவள் என் மடியில் படுத்திருந்தாள். "அம்மா?" என்று மட்டும் கேட்டாள். அளத்துக்குப் போயிருக்கிறாள் என்றேன். மறுநாள் வள்ளி வந்து என் கையைப் பிடித்து, "ஒரு பத்து நாளைக்கு வச்சிக்கிடுங்க சித்தி, பொறவு பாத்துக்கிடலாம்" என்று அழுதாள். அந்தப் பத்து நாள் இன்னும் முடியவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை, அவளைக் குளிப்பாட்டித் தலை சீவிவிடுவது எனக்கு ஒரு பாரமாகத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன் அல்லவா, அன்று அவள் கால்களை நீட்டி மடக்கிப் பார்த்த அந்தப் பிசியோதெரபிப் பெண் சொன்னதுதான் என்னைக் கொல்கிறது. "ஒரு பத்துப் பதினஞ்சு வருஷம் முந்தியாவது பயிற்சி குடுத்திருந்தா பிடிச்சுக்கிட்டாவது நடந்திருப்பாங்கம்மா. இத்தனை வருஷம் எங்கன இருந்தாங்க?" என்றாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

இப்போது அவளுக்கு அட்டை வாங்கலாம் என்றால் ஆதார் கேட்கிறார்கள். ஆதாருக்கு ரேஷன் கார்டில் பெயர் வேண்டும், பிறந்ததற்குச் சான்று வேண்டும். அவளைப் பேச்சியக்கா வீட்டிலேயே பெற்றாள், எந்தத் தாளிலும் அவள் இல்லை. நம் ஊர் விஏஓ நல்ல மனுஷர். ஊரில் நாலு பேர் அவளைத் தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மே ஒன்றாம் தேதி கிராம சபையில் ஒரு தீர்மானமும் வைத்துவிட்டால் மேற்கொண்டு தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இதைத்தான் உனக்குப் போன் பண்ணிச் சொன்னேன். நீ தாலுகா ஆபீசில் சமூகப் பாதுகாப்புப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறவன். முதியோர், விதவைகள், கால் கை விளங்காதவர்கள் என்று எத்தனை பேருடைய மனு உன் மேஜைக்கு வருகிறது. இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். நீயோ, "வைகாசி கழியட்டும்மா. கல்யாணம் முடியுற வரைக்கும் பொறுத்துக்கிடுவோம். அவங்க வீடு பாக்க வார அன்னைக்கு மட்டும் கனிக்காவ எஸ்தர் அத்தை வீட்டுல விட்டுருவோமா?" என்றாய். அதே வார்த்தை எய்யா. பேச்சியக்கா வாசலில் நின்று சொன்னாளே, அதே வார்த்தை. நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் ரொம்ப நாளாக உண்டு.

ஞாயிற்றுக்கிழமை நான் அவளை எஸ்தர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. முன்கூடத்தில்தான் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வேன் வந்து நின்று, பழக்கமில்லாத ஆண்களின் குரல் கேட்டதும், வெங்காயத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, தரையோடு தேய்த்துக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அவளைப் போகச் சொன்னதாக நினைத்து, நீ என்னை நன்றியோடு பார்த்தாய். நான் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. சம்பந்தியம்மா, "வீட்டுல நீங்களும் தம்பியும் மட்டுந்தானா?" என்று கேட்டார். "ஆமா, நாங்க ரெண்டு பேருந்தான்" என்று நீ சொன்னாய். நான் காபி டம்ளரை நீட்டினேன். அவர்கள் போன பிறகு நீ தெருமுனை வரை வழியனுப்பப் போயிருந்தாய். நான் பின்னறைக் கதவைத் திறந்தேன். ஃபேன்கூடப் போடாமல், வேர்வையில் தொப்பலாக நனைந்து, உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் இருந்தாள். கையை எடுத்து, "போயிட்டாவளா?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை காலையில் சம்பந்தியம்மாவுக்கு நானே போன் செய்தேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய், நானும் சரி என்று விட்டிருப்பேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவர் கேட்டது, "ரத்த சொந்தமா?" என்றுதான். இல்லை என்றேன். அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அத்தோடு நிறுத்தியிருந்தால் எல்லாம் சுமுகமாகப் போயிருக்கும். "ஆனா இந்த வீட்டு ஆளு. எங்க கார்டுல பேரு ஏத்தப்போறோம்" என்றேன். பிறகு மெதுவாகத்தான் கேட்டார், கோபமாகக்கூட இல்லை. "நீங்க இருக்க வரைக்கும் பாத்துக்கிடுவீய. உங்களுக்குப் பொறவு?" ஒரு பெண்ணைப் பெற்றவள் கேட்க வேண்டிய நியாயமான கேள்வி அது. வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறோம் என்று வைத்துவிட்டார். இதை எழுதுகிற வரை போன் வரவில்லை. ஒருவேளை உனக்கு வந்திருக்கலாம். வந்திருந்தால், என் மேல் நீ எவ்வளவு கோபப்பட்டாலும் தகும். உனக்கு அமைந்த நல்ல இடத்தை நானே கெடுத்துவிட்டேனோ என்று எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

வள்ளியிடமும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "எனக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருக்கு சித்தி. நாளைக்கு அதுகளுக்கும் மாப்பிள்ளை பாக்கணும்லா" என்றாள். பார்த்தாயா, எங்கே தொடங்கினது எங்கே போய் நிற்கிறது. கையெழுத்துக்கு எஸ்தர் உண்டு, நான் உண்டு. இன்னும் இரண்டு பேர் வேண்டும். கடை அண்ணாச்சியிடம் போனேன். "அன்னைக்கு ரெண்டுன்னு சொன்ன வாயால இன்னைக்கு மூணுன்னு எப்படிச் சொல்ல?" என்று கேட்டுவிட்டுத் தராசைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். கெட்டவரில்லை. பேச்சியக்காவுக்கு அவர் கடையில் எத்தனை நாள் அரிசி சும்மா கொடுத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நல்ல மனுஷர்களெல்லாம் கூடித்தான் ஒருத்தியை இல்லாமல் ஆக்கினோம்.

நீ ஆபீசில் இருக்கிறவன், உனக்கு நான் புத்தி சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் சொல்கிறேன். மனு கொடுத்தவர்களுக்கு நீ நியாயமாகத்தான் செய்வாய். மனுவே கொடுக்காத வீட்டைப் பற்றியும் யோசி. ஒரு ஊர் ஒரே குரலில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னால் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதே, ஒரு நடை போய்ப் பார். வாசலில் நின்று பெயர் சொல்லிக் கேட்டால் போதாது. உள்ளே யாருக்காவது சோறு தனியாக மூடி வைத்திருக்கிறதா, பின்னறை ஏன் பகலில் சாத்தியிருக்கிறது என்று பார். எங்களை மாதிரி மேடையேறிச் சால்வை வாங்கினவர்கள் சொல்வதை மட்டும் நம்பாதே. அந்தப் போட்டோவையும் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

கிராம சபைக்குக் கனியை ஆட்டோ வைத்துக் கூட்டிப்போகப் போகிறேன். ஊர் முன்னால் நின்று, நான்தான் எழுதாமல் விட்டேன் என்று மைக்கில் சொல்லுவேன். விஏஓ அவளிடம் பெயரைக் கேட்பார், அவளே வாயால் சொன்னால் நல்லது என்றார். அதனால் நாலு நாளாகக் காலையில் பழக்குகிறேன். எஸ்தர் வாசலுக்கு வெளியே நின்று, யாரோ மாதிரிக் குரலை மாற்றி, "உன் பேரு என்னம்மா?" என்று கேட்பாள். முதல் மூன்று நாளும் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு பின்னறைக்கு நகர்ந்துவிட்டாள். இன்றைக்குப் போகவில்லை. ரொம்ப நேரம் கதவையே பார்த்திருந்துவிட்டு, "கனி" என்றாள். நன்றாகக் கேட்கிற மாதிரியே சொன்னாள். நான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. நீ அன்றைக்கு முன்கூடத்தில் சொன்னது கதவுக்குப் பின்னால் கேட்டிருக்கும் போல. என் முகத்தைப் பிடித்துத் திருப்பி, "தம்பி வைவானா?" என்று கேட்டாள்.

அதற்கான பதிலை மே ஒன்றாம் தேதிக்குள் நீயே வந்து அவளிடம் சொல்.

அம்மா